ஆர்கேட் கேமுக்கு ஸ்பின்னர், டிராக்பால் தேவையா? மவுஸ் போதாதா?

பெரம்பூர்_ரெட்ரோ:
பழைய கம்ப்யூட்டரில், காசு போட்டு ஆடும் அந்தக்கால ஆர்கேட் கேம்களை ஓட்டும் மேம் எமுலேட்டரைப் போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து வீட்டிலேயே ஓர் ஆர்கேட் எந்திரம் செய்துகொண்டிருக்கிறேன். ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாம் மாட்டியாகிவிட்டது. நான் அதிகம் ஆடுவது டெம்பஸ்ட், ஆர்கனாய்டு, மிசைல் கமாண்ட், சென்டிபீட். முதல் இரண்டும் குமிழைச் சுழற்றி ஆடும் ஸ்பின்னர் கேம். மற்ற இரண்டும் பந்தை உருட்டி ஆடும் டிராக்பால் கேம். பலகையில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. எதை வைக்கலாம்?

ரிச்சிதெரு_வாசி:
இரண்டும் வேண்டாம் நண்பரே, மவுஸ் போதும். மூன்றுமே கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஒரே செய்திதான்: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று. மேம் அமைப்புக் கோப்பில் மவுஸை இயக்குங்கள். கேம் ஓடும்போது டேப் விசையை அழுத்தினால் வரும் மெனுவில் அனலாக் பகுதிக்குப் போய் சென்சிடிவிட்டியை (கை நகர்ந்தால் திரையில் எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவை) உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். நல்ல டிராக்பாலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கப்பல் செலவும் சுங்கவரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். அந்தப் பணத்தில் திரையை மாற்றுங்கள்.

அம்பத்தூர்_லேத்:
கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளையாடுவது கை. மிசைல் கமாண்ட் 1980இல் வந்தபோது அதில் இருந்தது கனமான பந்து. வலது கையால் ஒரு தள்ளு தள்ளினால் பந்து தன் வேகத்திலேயே உருண்டு குறியைத் திரையின் மறுகோடிக்குக் கொண்டுபோகும், உள்ளங்கையை வைத்து நிறுத்த வேண்டும். இடது கை மூன்று ஏவுதளங்களுக்கான மூன்று பட்டன்களில் இருக்கும். மவுஸில் கை நின்றால் குறியும் நின்றுவிடும். அந்த உருளல்தான் அந்த கேமின் உயிர்.

டெம்பஸ்ட் (1981) இன்னும் தெளிவான உதாரணம். அதில் பல கட்டங்கள் மூடிய வளையங்கள். அவற்றின் விளிம்பில் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஸ்பின்னருக்கு முடிவே கிடையாது. மவுஸுக்கு மேசை முடிந்துவிடும், பாதிச் சுற்றில் தூக்கி வைக்க வேண்டும். எதிரி விளிம்புக்கு ஏறி வரும் நேரத்தில் மவுஸைத் தூக்கினால் உயிர் போகும்.

ரிச்சிதெரு_வாசி:
அண்ணே, சென்சிடிவிட்டியைக் கூட்டினால் தூக்க வேண்டிய அவசியமே வராது. ஆர்கனாய்டில் மட்டை ஓர் அச்சில்தான் நகர்கிறது, சுற்றும் வளையம் ஏதும் இல்லை. அதில் மவுஸ் எனக்கு எந்தக் குமிழையும் விடத் துல்லியமாக வருகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அம்பத்தூர்_லேத்:
சென்சிடிவிட்டியைக் கூட்டினால் டெம்பஸ்டில் ஒரு தடம் மட்டும் நகர வேண்டிய இடத்தில் மூன்று தடம் தாண்டும். ஆர்கனாய்டில் மவுஸ் துல்லியமாக வருவது உண்மைதான். ஆனால் அது வேறு விளையாட்டு. கேம் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்சீஸ் அமைப்பு ஆர்கேட் சாதனையையும் மேம் சாதனையையும் தனித்தனியாக வைப்பது சும்மா இல்லை.

திருவான்மியூர்_அலை:
இடம் ஒன்றுதான் என்றால் டிராக்பால் வையுங்கள். பந்தின் கிடை அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு டெம்பஸ்ட் ஆடலாம். ஸ்பின்னரால் சென்டிபீடும், இன்னொரு டிராக்பால் கேமான மார்பிள் மேட்னஸும் ஆட முடியாது. ஒரு எச்சரிக்கை: பந்து இரண்டு எஃகு உருளைகள் மேல் உட்கார்கிறது. எங்கள் பக்கம் கடல்காற்றில் அவை துருப்பிடிக்கும். கை வியர்வையோடு தூசி சேர்ந்து உருளையைச் சுற்றி வளையமாகப் படியும், பந்து திக்கித் திக்கி ஓடும். அவ்வப்போது பந்தைக் கழற்றி உருளைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

பெரம்பூர்_ரெட்ரோ:
வீட்டில் பழைய பந்து மவுஸ் ஒன்று கிடக்கிறது. அதன் உள்ளே இருக்கும் துளைச் சக்கரத்தில் ஒரு தண்டை ஒட்டி ஸ்பின்னர் செய்தால் என்ன?

அம்பத்தூர்_லேத்:
பலரும் செய்ததுதான், மெதுவாகச் சுற்றும்வரை வேலை செய்யும். அதில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஒளி உணரிகள் இருக்கும், ஒன்று மற்றதைவிடக் கால்பங்கு அலை தள்ளி மாறும். எது முதலில் மாறியது என்பதை வைத்துத்தான் திசை தெரியும். வேகமாகச் சுழற்றினால் மவுஸ் சிப் இடையில் சில மாற்றங்களைத் தவறவிடும், வரிசை தலைகீழாகத் தெரியும், மட்டை எதிர்ப்பக்கம் ஓடும். டெம்பஸ்ட் ஆடுபவர் கோபப்படுவதே இந்தப் பின்சுழற்சிக்குத்தான்.

அதற்குப் பதில் தொழிற்சாலைகளில் பயன்படும், சுழற்சியை ஒளியால் எண்ணும் ஆப்டிகல் என்கோடர் வாங்குங்கள், ஒரு சுற்றுக்கு 600 பல்ஸ் வகை. இரண்டு உணரிகளின் எல்லா மாற்றங்களையும் எண்ணினால் 2400 கிடைக்கும். அது மிக அதிகம், மேமில் சென்சிடிவிட்டியை நன்றாகக் குறைக்க வேண்டியிருக்கும். வானொலிக் குமிழ் மாதிரி டிக் டிக் என்று விழும் மலிவான வகையைத் தொடவே வேண்டாம். என்கோடரை புரோ மைக்ரோ என்ற சிறிய ஆர்டுவினோ வகை போர்டில் இணைத்தால் கம்ப்யூட்டர் அதை யூஎஸ்பி மவுஸ் என்றே எடுத்துக்கொள்ளும். ஆர்டுவினோ ஊனோவின் ஆர்3 வகையை வாங்காதீர்கள், அதன் முதன்மைச் சிப்புக்கு நேரடியாக மவுஸாகப் பேசத் தெரியாது. என்கோடரின் வெளியீடு ஓபன் கலெக்டராக (சிக்னலைக் கீழே மட்டும் இழுக்கும் வகையாக) இருந்தால் இரண்டு சிக்னல் கம்பிகளுக்கும் புல்-அப், அதாவது மேலே இழுக்கும் மின்தடை, கொடுக்க மறக்காதீர்கள். குமிழைக் கனமாகக் கடையுங்கள், ஒரு சுண்டு சுண்டினால் தானாகச் சுழல வேண்டும்.

ரிச்சிதெரு_வாசி:
பார்த்தீர்களா? மவுஸாகப் பேச வைப்பதற்கே இவ்வளவு பாடு. மவுஸே இருக்கிறதே என்பதுதான் என் கேள்வி. இன்னமும் அதையே சொல்கிறேன்: இப்போது மவுஸோடு ஆடுங்கள், தேவை தோன்றினால் அப்புறம் பணம் போடலாம்.

திருவான்மியூர்_அலை:
பெரம்பூர், பலகையின் நடுப்பகுதியைக் கழற்றக்கூடிய தட்டாகச் செய்யுங்கள். ஒரு தட்டில் பந்து, இன்னொன்றில் ஸ்பின்னர். இரண்டுமே யூஎஸ்பிதான், எதைச் செருகுகிறோமோ அதில் ஆடலாம்.

பெரம்பூர்_ரெட்ரோ:
தட்டு யோசனை பிடித்திருக்கிறது. ஸ்பின்னரை முதலில் செய்கிறேன், பந்தை அடுத்து பார்க்கிறேன். லேத் அண்ணே, தண்டு 6 மி.மீ. என்றால் குமிழில் அதே அளவு துளையா, கொஞ்சம் இறுக்கமாகவா?

அம்பத்தூர்_லேத்:
தண்டு லேசாக வழுக்கி உள்ளே போகும் அளவுக்குத் துளை போட்டு, பக்கவாட்டில் ஒரு திருகு வைத்து இறுக்குங்கள். அடித்து ஏற்றாதீர்கள், என்கோடருக்குள் இருக்கும் சக்கரம் உடையும்.