கேஸ் உலையில் சூடு ஏறவில்லை, இரும்பு முழுக்கச் செதில்: எங்கே தவறு?

புதுக்குறடு:
இரும்பைக் காய்ச்சி அடிக்க நானே செய்த புரொபேன் உலை. ஒரு அடி நீளக் குழாய்க்குள் சூட்டை உள்ளேயே நிறுத்தும் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட் ஒரே சுற்று, புளோயர் (காற்றடிக்கும் விசிறி) இல்லாத முக்கால் அங்குல பர்னர் ஒன்று, முன்னும் பின்னும் திறப்பு. 12 மி.மீ. சதுரக் கம்பி செம்மஞ்சள் நிறத்துக்கு வரவே பத்து நிமிடம் ஆகிறது, அதற்கு மேல் ஏறுவதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை செதில் (சூட்டில் ஆக்சிஜன் பட்டு இரும்பின் மேல் பிடிக்கும் ஏடு). அடைகல்லில் வைத்து ஒரு அடி போட்டால் கருப்பாகத் தகடு தகடாகத் தெறிக்கிறது, ஆறிய பிறகு பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ரெகுலேட்டரைக் கூட்டிப் பார்த்தேன், இரைச்சல்தான் கூடியது. என்ன செய்யலாம்?

உலைவாய்:
முன்வாசலுக்கு வெளியே தீ நாக்கு ஏதாவது நீட்டுகிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் எரிந்தது போக மீதமிருக்கும் ஆக்சிஜன் உங்கள் கம்பியைத்தான் தின்கிறது. ஒரு பங்கு புரொபேன் முழுதாக எரியக் கிட்டத்தட்ட 24 பங்கு காற்று போதும், அதற்கு மேல் உள்ளே வருகிற காற்று செதிலும் உண்டாக்கும், சும்மா சூடாகி வெளியே போய் உலையின் சூட்டையும் கொண்டுபோகும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றே. ரெகுலேட்டரைக் கூட்டினால் சரியாகாததற்கும் காரணம் இருக்கிறது: இந்த வகை பர்னரில் கேஸ் கூடினால் அது இழுக்கிற காற்றும் கூடவே கூடும், கலவை பெரிதாக மாறாது. பர்னருக்குள் காற்று நுழையும் இடத்தில் அதைக் குறைக்கும் மூடியை (சோக்) கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். வாசலில் மெல்லிய தீ நாக்கு சில அங்குலம் நீண்டால் போதும். மஞ்சளாக ஒரு அடிக்கு நீண்டால் கேஸ் வீண், கார்பன் மோனாக்சைடும் அதிகமாகும்.

பழையதுருத்தி:
உலைவாய் சொன்னது சரி, ஆனால் சோக்கை இப்போதே தொடாதீர்கள். முதலில் பின்வாசலைச் செங்கல்லால் அடையுங்கள், கம்பி நுழையும் அளவு மட்டும் விட்டால் போதும். நீங்கள் சூடாக்குவதில் பாதி அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. வாசலை அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி பர்னர் இழுக்கிற காற்று குறையும், கலவை தானாகவே மாறிவிடும், அதனால் சோக் கடைசி வேலை. இரண்டு வாசலையும் இறுக்கி மூடிவிடாதீர்கள், தீ பர்னர் குழாய்க்குள்ளேயே திரும்பி எரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் 25 மி.மீ. போதாது, இன்னொரு சுற்று வைத்து 50 ஆக்குங்கள். உட்புறம் சுருங்குவதால் கொள்ளளவும் குறையும், அதுவும் நல்லதே. ஒரு முக்கால் அங்குல பர்னருக்கு ஐந்தரை லிட்டர் வரை கணக்கு. பிளாங்கெட்டை வெறுமனே விடவே கூடாது: கொலாய்டல் சிலிக்கா (ஃபைபரைக் கெட்டியாக்கும் திரவம்) தெளித்துக் காயவிட்டு, மேலே தீ தாங்கும் சிமென்ட் பூசுங்கள். பூசாத ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, வெட்டும்போதே மாஸ்க் போடுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு சின்னத் தீயில் விட்டுவிட்டுச் சூடாக்குங்கள், அவசரப்பட்டால் வெடித்து உதிரும்.

புதுக்குறடு:
நன்றி அண்ணா. இரண்டாவது சுற்று வைத்துப் பூசி, பின்பக்கம் செங்கல் அடைத்து, கடைசியாகச் சோக்கைக் கால்வாசி மூடினேன். அதே கம்பி நாலு நிமிடத்தில் மஞ்சளாகிவிட்டது, உட்சுவரும் கம்பியும் ஒரே நிறத்தில் தெரிந்தன! செதில் நிறையக் குறைந்தது, ஆனாலும் முழுதாகப் போகவில்லையே?

உலைவாய்:
முழுதாகப் போகாது. வெளியே எடுத்ததுமே காற்று பட்டுச் செதில் பிடிக்க ஆரம்பித்துவிடும். உலையில் பிடிப்பதா வெளியில் பிடிப்பதா என்று தெரிய, அரத்தால் பளபளப்பாகத் தேய்த்த ஒரு துண்டை உள்ளே வைத்து, தீயை நிறுத்தாமல் வாசல் வழியாகவே பாருங்கள். உள்ளே மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்து, எடுத்த பிறகுதான் கருப்பு ஏறுகிறது என்றால் கலவை சரி. ஒவ்வொரு முறையும் அடிக்கும் முன் கம்பி பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுங்கள், குழி விழுவது செதிலை இரும்புக்குள் அடித்துப் புதைப்பதால்தான். நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், அடுத்த துண்டு அடிக்கும்வரை உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டால் கத்தி இரும்பில் கார்பனும் போய்விடும்.

காற்றைக் குறைத்து எரிக்கிறீர்கள், அதனால் கதவு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தலை லேசாக வலித்தாலும் கேஸை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.