பேர் தெரியாதவர்கள் எழுதிய 11 புத்தகங்கள்: எந்தத் தராசில் வைப்பது?

அச்சுக்கூடத்தான், சிவகாசி:

வணக்கம். அச்சகம் ஒன்றில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும். மற்ற மாதங்களில் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த இடைவெளியில் மூன்று வருடமாக ஒரு சிறுபத்திரிகைக்குப் புத்தக மதிப்புரை எழுதி வருகிறேன். பெரிய ஆட்களைப் பற்றி எழுத நூறு பேர் இருக்கிறார்களே என்று, யாருக்கும் பேர் தெரியாதவர்களின் புத்தகங்களாக எடுத்துக்கொண்டேன். அதுதான் வம்பாகிவிட்டது.

இப்போது மேசையில் 11 புத்தகங்கள் கிடக்கின்றன. நாலு கவிதைத் தொகுப்பு, ஒரு க்ரைம் நாவல், செவ்வாய்க்குப் போய் அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தும் ஓர் அறிவியல் கதை, இரண்டு சிறுவர் கதைகள், ஒரு சித்த மருத்துவ நூல், ஒரு ராணுவத்துக்காரரின் தன்வரலாறு, ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் தன் பிர்காவில் இருக்கும் கண்மாய்களைப் பற்றி எழுதியது. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று கையெழுத்து. அந்த 'அன்புடன்'தான் பயமாக இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். போன இதழில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி, 'நிலா 23 இடங்களில் வருகிறது, ஓரிடத்திலும் வெளிச்சம் இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. இதழ் போய்ச் சேர்ந்ததும் அவர் போன் செய்தார். திட்டவில்லை. "தம்பி, 300 பிரதி போட்டேன். அதைப் பற்றி அச்சில் வந்தது உங்க ரெண்டு வரிதான்" என்றார். அன்றைக்கு மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அந்தக் கண்மாய்ப் புத்தகம் இன்னொரு தலைவலி. முதல் 22 பக்கமும் வாழ்த்துரை, அணிந்துரை. அதைத் தாண்டினால் 'மேற்படி கண்மாயின் மேற்படி மடையானது' என்று தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரியே ஓடுகிறது. வர வேண்டிய இடத்தில் ஒற்று இல்லை, வேண்டாத இடத்தில் இரண்டு இருக்கிறது. ப்ரூஃப் பார்த்துப் பழகிய எனக்குக் கையில் சிவப்புப் பேனா இல்லாமல் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை.

கேள்வி இதுதான். கவிதையையும் கண்மாயையும் க்ரைமையும் ஒரே ஆள் எந்தத் தராசில் வைப்பது? அப்புறம், புத்தகம் நன்றாக இல்லையென்றால் எழுதிவிடுவதா, எழுதாமல் விட்டுவிடுவதா?

•

வாய்தா:

வக்கீல் குமாஸ்தா நான். க்ரைம் நாவல் படிப்பதில் 30 வருட சர்வீஸ். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வர்ணனை எப்படி, பாத்திரங்கள் ஆழமா என்றெல்லாம் க்ரைம் நாவலில் தேட வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கை அணைக்க மனசு வந்ததா? முடிச்சு அவிழும்போது, 'அட, இது எட்டாவது பக்கத்திலேயே இருந்ததே' என்று திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா? இந்த இரண்டுதான். இன்னொன்றும் பாருங்கள். கதை 2025 தீபாவளிக்கு நடக்கிறது என்று எழுதிவிட்டு, இன்ஸ்பெக்டர் 'இ.பி.கோ. 302' என்று எப்.ஐ.ஆர். போட்டால் எனக்குப் புத்தகம் கையிலிருந்து நழுவிவிடும். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த கொலைக்கு, இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். 103. இந்த மாதிரி இடத்தை மதிப்புரையில் சுட்டிக்காட்டினால் எழுதியவர் கோபப்பட மாட்டார், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்.

கொலைகாரன் யாரென்று மட்டும் எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். நான் பாதி படித்துக்கொண்டிருந்த நாவலின் முடிவை எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். இன்னமும் அவருக்கு நான் டீ வாங்கித் தருவதில்லை.

•

தேதிச் சீட்டு:

தம்பி, நான் 26 வருடம் கிளை நூலகங்களில் இருந்து ஓய்வு பெற்றவள்.

நூலகத்தில் யாரும் வந்து 'இந்தப் புத்தகம் நல்லா இருக்கா' என்று முதலில் கேட்பதில்லை. 'இதுல என்னம்மா இருக்கு' என்றுதான் கேட்பார்கள். பேர் தெரிந்த எழுத்தாளர் என்றால் அந்தக் கேள்வியே வராது, பேரே பதில் சொல்லிவிடும். உங்கள் மேசையில் இருக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். எத்தனை பக்கம், என்ன விலை, எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்து. பாதி மதிப்புரைகளில் இந்த மூன்றும் இருப்பதில்லை.

ஒரு சம்பவம். ஆடு நோய்களைப் பற்றி 48 பக்கத்தில் ஒரு மெலிந்த புத்தகம், கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் எழுதியது. ஆறு வருடம் அலமாரியில் கிடந்தது. பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். குட்டிகளுக்கு வாயெல்லாம் புண், ஏதாவது புத்தகம் உண்டா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மூன்று முறை நீட்டித்து வைத்துக்கொண்டார். அவர் திருப்பிக் கொடுத்த பிறகு அவர் ஊரிலிருந்தே ஐந்தாறு பேர் வந்து கேட்டார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். 'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்பது அதில் மூன்றாவது. மார்க் வாங்கியது எப்போதோ, புரிந்தது அந்தப் பெரியவர் வந்த அன்றுதான்.

உங்கள் வி.ஏ.ஓ. புத்தகத்தைச் சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு முறை புரட்டுங்கள். அந்த ஊரில் அந்த வேலையைப் பார்த்தவருக்கு மட்டுமே தெரிந்தது என்று ஏதாவது ஒரு பக்கம் இருக்கும். இல்லாவிட்டால் இல்லை என்றே எழுதுங்கள்.

•

வடக்குமாசி வீதி:

எதுவும் எழுதாமல் விடுவதுதான் பெரிய பாவம் என்பேன். எங்கள் மதுரையிலேயே ப.சிங்காரம் தினத்தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக இருந்தார். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் புத்தகமாக வந்தும், அதைப் பற்றிப் பரவலாகப் பேச எத்தனை வருடம் பிடித்தது! அவர் இரண்டு நாவலோடு நிறுத்திக்கொண்டார். யார் கண்டது, உங்கள் 11இல் ஒரு சிங்காரம் இருக்கலாம்.

•

வாய்தா:

ஐயா, 11இல் 11 பேரும் தன்னைச் சிங்காரம் என்று நினைத்துக்கொண்டுதான் பார்சல் அனுப்புகிறார்கள். தம்பியின் பிரச்சினையே அதுதான்.

•

கட்டிலுக்கடியில் 170:

பேரிலேயே விஷயம் இருக்கிறது. 300 அடித்தேன், 170 கட்டிலுக்கு அடியில். கவிதைதான், வேறென்ன.

என் தொகுப்புக்கு மூன்று மதிப்புரை வந்தது. ஒருவர் 'மண்ணின் மணம் கமழும் வரிகள்' என்று எழுதினார். படிக்கவே இல்லை என்று தெரிந்துவிட்டது, என் கவிதை முழுக்க மின்சார ரயிலில் நடப்பது. இன்னொருவர் அட்டையை மட்டும் பாராட்டினார். மூன்றாமவர், 'கடைசி வரியில் விளக்கம் சொல்லும் பழக்கம் எட்டுக் கவிதைகளைக் கெடுத்திருக்கிறது' என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தார். இரண்டு நாள் அவரை மனசுக்குள் வைதேன். மூன்றாம் நாள் அந்த எட்டையும் எடுத்து, கடைசி வரியை விரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். ஆறு நன்றாக இருந்தது. மற்ற இரண்டும் எப்படியும் தேறாது.

உங்கள் நிலா வரியைப் படித்தேன் அண்ணா. சிரிப்பு வந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்தக் கவிஞர் என்ன செய்ய முடியும்? எந்த நிலா, எந்தப் பக்கம் என்று சொல்லியிருந்தால் போனில் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். பரிதாபப்பட்டு நல்லதாக எழுதிவிடாதீர்கள், அது வைவதைவிட மோசம்.

•

அச்சுக்கூடத்தான், சிவகாசி:

பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

அம்மா சொன்ன மாதிரியே பேனாவை டிராயரில் போட்டுவிட்டுக் கண்மாய்ப் புத்தகத்தை எடுத்தேன். 71ஆம் பக்கம். குமிழித் தூம்பு, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல் மடை. கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், நடுவில் தரையோடு ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேலே பெரிய துளை நீரோடி, அதில் அடைகல். கீழே சின்னத் துளைகள் சேறோடி. அடைகல்லைத் தூக்கினால் மேலே தண்ணீர் குமிழியிட்டு இறங்கும், கீழே வண்டலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வயலுக்குப் போகும். தூர் வாருவதும் உரம் போடுவதும் ஒரே கல்லில். இதைப் படம் போட்டு விளக்கியவர், அடுத்து அந்தக் கல்லைத் திறக்க முங்கிய ஆளைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். இடுப்பில் கயிறு, கரையில் அதைப் பிடித்தபடி அவர் அண்ணன். துளைக்கு நேராகக் காலைக் கொண்டுபோகக் கூடாது, உள்ளே இழுத்துவிடும். தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். கூலி அறுவடையில் கதிர்க்கட்டாக. அந்த நாலு பக்கத்தில் ஒரு 'மேற்படி' இல்லை. எழுதும்போது அவருக்கே மறந்துபோயிருக்கிறது போல.

கடைசியில் ஆறு பக்கச் சொல்லடைவும் இருக்கிறது: கலுங்கு, மறுகால், உள்வாய், நீர்பாய்ச்சி. வாழ்த்துரைகளில் நான் முட்டி நின்றதால் அதுவரை போகவே இல்லை.

மதிப்புரையில் 71 முதல் 75 வரை முதலில் படியுங்கள் என்று எழுதினேன். வாழ்த்துரை 22 பக்கம், பிழைகள் ஏராளம் என்பதையும் எழுதினேன். பிழைகளைத் தனித் தாளில் பக்க எண்ணோடு குறித்து அவருக்குத் தபாலில் அனுப்பினேன், மொத்தம் 214. நேற்று போன் வந்தது. "தம்பி, 9ஆம் பக்கத்துல ஒண்ணை விட்டுட்டீங்க" என்றார்.

நிலாக் கவிஞருக்கும் ஒரு கடிதம் எழுத ஆரம்பித்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. க்ரைம் நாவலில் 302 இல்லை, வாய்தா அண்ணன் நிம்மதியாகத் தூங்கலாம். சித்த மருத்துவ நூல்தான் அப்படியே கிடக்கிறது. அதில் பாதரசம் பற்றி மூன்று பக்கம் வருகிறது. முறையாகச் சித்த மருத்துவம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அந்த மூன்று பக்கத்தையும் நகலெடுத்து அனுப்புகிறேன். அதுவரை அதைப் பற்றி ஒரு வரி எழுதப்போவதில்லை.