ரவுண்டு டியூப்ல டிக் (TIG) வெல்டிங் அடிக்கறப்போ பாதியில கை தடுமாறுது

கேள்வி:
அண்ணே, தகட்டுல பீடு (வெல்டிங் வரி) அழகா வருது. ஆனா 38 எம்எம் ஸ்டெயின்லெஸ் டியூப், 1.5 எம்எம் கனம், இதுல கால் சுத்து தாண்டுனதும் ஆர்க் (மின்பொறி) நீண்டு போகுது, சில சமயம் டார்ச் முனையில இருக்கற டங்ஸ்டன் கம்பி உருகுன குளத்துலயே முட்டிடுது. 60 ஆம்ப் வச்சிருக்கேன். எங்க தப்பு?

பதில் 1:
தம்பி, தகட்டுல டார்ச்ச ஒரே சாய்வுல இழுத்துட்டே போகலாம், டியூப்ல அப்படி ஆகாது, அது வளைய வளைய உன் மணிக்கட்டும் கூடவே திரும்பணும். எந்த இடத்துலயும் டார்ச் அந்த இடத்து டியூப் பரப்புக்கு நேர் குத்துல இருந்து 10, 15 டிகிரிக்கு மேல சாயக்கூடாது. ஆர்க் தொடங்காமலே முதல்ல முழு தூரமும் கைய ஓட்டிப் பாரு, எங்க இடிக்குதோ அங்க நிறுத்திக்கோ. நாலு பக்கமும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) போட்டுட்டு கால் கால் சுத்தா அடி, ஒண்ணு முடிஞ்சா அதுக்கு எதிர்ப்பக்கம் போ, அப்பதான் டியூப் கோணாது. எனக்கு இது புரியவே ரொம்ப நாளாச்சு.

பதில் 2:
ஆம்ப் கொஞ்சம் அதிகம், குறைச்சு 50 கிட்ட வச்சுப் பாருங்க. முக்கியமா டியூப்புக்கு உள்ள ஆர்கான் வாயு விடுறீங்களா? இல்லன்னா பின்பக்கம் கருப்பா சர்க்கரை மாதிரி பொரிஞ்சிருக்கும், அந்த ஜாயிண்ட்ட நம்பவே முடியாது.

கேட்டவர்:
உள்ள விடல ப்ரோ, வெட்டிப் பாத்தேன், நீங்க சொன்ன அதே கருப்புதான். சுண்டுவிரல டியூப்ல ஊனிட்டு அடிச்சதுல ஆர்க் இப்ப பரவால்ல.