சிமுலேட்டருக்குத் தமிழ்: 'ஒத்திகைப் பொறி' என்று முன்மொழிகிறேன்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் தொகுப்பின் படைத்துறைப் பகுதியில் நெடுநாளாக இழுபறியில் இருக்கும் சொல் இது. டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை ஏவக் கற்கும் வீரருக்கு, உண்மையான கணையைச் செலவழிக்காமல் கையையும் கண்ணையும் பழக்கும் கருவியை என்னவென்று அழைப்பது? போலியாக்கி, பாவனையாக்கி, ஒப்புருவாக்கி, குறித்தொடர் பயிற்சிக் கருவி என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லாமே யோசித்து எழுதப்பட்டவைதான். ஆனாலும் எதிலும் எனக்கு மனம் நிறையவில்லை. கருவி செய்யும் வேலையை விட்டுவிட்டு அகராதியிலிருந்து தொடங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பட்டாபிராமில் வசிக்கும் ஓய்வுபெற்ற அவில்தார் ஒருவரைச் சந்தித்துப் பேசினேன். காலாட்படையில் மிலான் என்னும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை இயக்கியவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். முக்காலியின் மேல் ஏவுகருவி. அதன்மேல் கணைக்குழாயின் அதே நீளமும் எடையும் கொண்ட வெற்றுக்குழாய். வீரர் குப்புறப் படுத்து, பார்வைக்குழலின் ரப்பர் விளிம்பில் கண்ணைப் பொருத்துகிறார். உள்ளே மணல்வெளி. ஒரு மேட்டுக்குப் பின்னாலிருந்து டாங்கி வெளிப்பட்டுக் குறுக்காக ஓடுகிறது. குறுக்குக்கோடுகள் சந்திக்கும் புள்ளியை அதன் உடல்மேல் நிறுத்தி விசையை அழுத்துகிறார். காதருகே வெடிச்சத்தம், கண்முன் புகை. புகை விலகும்போது டாங்கி இருந்த இடத்தில் இல்லை. பதறாமல் அதைத் தேடிப் பிடித்துப் புள்ளியை மறுபடி அதன்மேல் கொண்டுவர வேண்டும். பின்னால் பயிற்றுநரின் திரையில், அந்தப் புள்ளி ஒவ்வொரு நொடியும் எங்கே அலைந்தது என்று ஒரு கோடு பதிவாகிக்கொண்டிருக்கிறது. புதியவர்களின் கோட்டில் விசை அழுத்திய இடத்தில் ஒரு துள்ளல் கட்டாயம் இருக்குமாம். "துப்பாக்கியில் சுட்டதும் வேலை முடிந்துவிடும். இதில் சுட்ட பிறகுதான் வேலையே தொடங்கும்" என்றார். குறி சேர்ப்பதைப் பட்டாளத்தில் 'ஷிஸ்த்' என்பார்கள். ஷிஸ்த் கலையாமல் இருப்பதற்குத்தான் இத்தனை பாடும் என்றும் சொன்னார்.

மிலான் இயங்கும் விதத்தைப் பார்த்தால் இது புரியும். பாய்ந்துசெல்லும் கணையின் வால்பகுதியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியை ஏவுகருவி கவனித்துக்கொண்டே இருக்கிறது. வீரரின் பார்வைக்கோட்டிலிருந்து கணை எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டு, கணை தனக்குப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே போகும் மெல்லிய கம்பி வழியாகத் திருத்தம் அனுப்புகிறது. ஆக, வீரரின் கண் எங்கே போகிறதோ அங்கேதான் கணையும் போகும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குப் பத்துப் பன்னிரண்டு நொடிகள். நான்கு கிலோமீட்டர் போகும் கொங்குர்ஸ் என்ற இன்னொரு கணை என்றால் இருபது நொடிக்கு அருகில். அவ்வளவு நேரமும் எதிரி சுட்டாலும் கண்ணை எடுக்கக் கூடாது.

இதை உண்மையான கணையால் பழக முடியுமா? 2021 மார்ச்சில் நம் பாதுகாப்பு அமைச்சகம் பாரத் டைனமிக்ஸ் நிறுவனத்திடம் 4,960 மிலான்-2டி கணைகளை 1,188 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. வகுத்துப் பாருங்கள்: ஒரு கணை ஏறத்தாழ 24 லட்சம் ரூபாய். அதனால் வீரர் உண்மையான கணையை ஏவும் வாய்ப்பு அரிது. கற்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கருவியில்தான். முந்தைய தலைமுறைக் கணைகளில் இந்தத் தேவை இன்னும் கடுமை. 1973 அக்டோபர் போரில் எகிப்தியர் சினாயில் பயன்படுத்திய சோவியத் மல்யுத்கா கணையை, சிறு கைப்பிடியை அசைத்து அசைத்து வீரரே இலக்குவரை ஓட்டிச் செல்ல வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கான முறை பயிற்சிக் கருவியில் பழகிய பிறகுதான் அவர்கள் களத்துக்கு வந்தார்கள். இஸ்ரேலியர் கண்ட மாற்றும் அந்த ஆளைக் குறிவைத்ததே: கணை கிளம்பிய இடத்தை நோக்கிச் சரமாரியாகச் சுட்டு, ஓட்டுபவரின் கவனத்தைக் கலைப்பது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> போலச் செய்வது போலி. இலக்கணத்திலேயே முதற்போலி, கடைப்போலி உண்டே? 'போலியாக்கி' ஏன் கூடாது?

கோவை ஐயா கேட்டது இது. இலக்கணத்தில் போலிக்கு இருக்கும் மதிப்பு வீதியில் இல்லை, ஐயா. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலி ரூபாய் நோட்டு என்றுதான் ஒவ்வொரு நாளும் படிக்கிறோம். 'இராணுவத்துக்குப் போலி ஏவுகணைக் கருவி' என்று தலைப்பு வந்தால் வாசகர் ஊழல் செய்தி என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் இந்தச் சொல்லுக்கு இங்கேயே ஒரு நல்ல இடம் உண்டு. எடையும் வடிவமும் மட்டும் கொண்ட, தூக்கவும் பொருத்தவும் பழகுவதற்கான வெறும் மாதிரிக் கணை இருக்கிறதே, அதைத் தயங்காமல் 'போலிக்கணை' எனலாம். அது எதையும் அளக்காது, எதையும் திருத்தாது.

'பாவனையாக்கி' தமிழ்நாட்டில் ஓரளவு பழகிய சொல். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் தங்கை சுட்டிக்காட்டிய தடையை நாம் எளிதாகக் கடந்துபோகக் கூடாது. ஈழத்தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. மின்சாரப் பாவனை, நீர்ப் பாவனை, பாவனையாளர் என்று அங்கே அன்றாடம் எழுதுகிறார்கள். நம் தொகுப்பு இரு நாட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டோம். ஒரு கரையில் நடிப்பையும் மறுகரையில் பயன்பாட்டையும் குறிக்கும் சொல்லைத் தலைப்புச்சொல்லாக வைப்பது சரியில்லை.

'ஒப்புருவாக்கி' வானிலைக் கணிப்பு போன்ற கணினி வேலைகளுக்குப் பொருந்தும். அங்கே அது இருக்கட்டும். நம் கருவிக்கு உருவ ஒற்றுமை இரண்டாம்பட்சம். 1929இல் எட்வின் லிங்க் அமெரிக்காவில் செய்த விமானப் பயிற்சிக் கருவி குட்டை இறக்கை வைத்த ஒரு பெட்டி. தன் தந்தையின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த துருத்தியையும் காற்றுக்குழாய்களையும் கொண்டு அதைச் சாயவும் திரும்பவும் வைத்தார். அது பறக்காது. ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் இரண்டாம் உலகப் போர்க்கால விமானிகள் ஏராளமானோர் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கக் கற்றார்கள்.

'குறித்தொடர் பயிற்சிக் கருவி'யைத்தான் நான் மிகவும் விரும்பினேன். அவில்தார் சொன்னதற்கு நேர்ச்சொல் அது. 'குறித்தொடர்' என்பதைப் படிக்கும்போதே ஓடும் டாங்கியும் அதைவிட்டு நகராத கண்ணும் தெரிகின்றன. ஆனால் அது மிலான், கொங்குர்ஸ் தலைமுறைக்கு மட்டும் பொருந்தும். நம் நாக் ஏவுகணையோ அமெரிக்க ஜாவலினோ அப்படி இயங்குவதில்லை. ஏவுவதற்கு முன்பே கணையின் வெப்பக்கண் இலக்கைப் பூட்டிக்கொள்கிறது. ஏவியதும் வீரர் இடம் மாறிவிடலாம். அங்கே பயிற்சியின் சாரமே வேறு. வெப்பப்படத்தில் வெண்மையாகத் தெரியும் புள்ளி டாங்கியா, லாரியா, வெயிலில் சூடேறிய பாறையா, நம் படையின் வண்டியா என்று இனங்காண்பது. பூட்டு விழுந்ததா என்று உறுதி செய்வது. ஏவலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது. தொடர்தல் என்பதே இல்லாத கருவிக்குக் 'குறித்தொடர்' என்று பெயர் வைத்தால் மாணவர் குழம்புவார். 2025 மார்ச்சில் நாக் ஏவுகணை வண்டிகளுக்காக 1,801 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானதே, அது நம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏவிஎன்எல் என்னும் அரசு நிறுவனத்துடன்தான். இனி நம் செய்தித்தாள்கள் அதிகம் எழுதப்போவது இந்தத் தலைமுறைக் கணைகளைப் பற்றியே. ஆகவே 'குறித்தொடர்தல்' என்பதை அந்தத் திறனின் பெயராகத் தனிப்பதிவு செய்வோம். அவ்வளவு நல்ல சொல்லை இழக்கக் கூடாது.

'மெய்நிகர்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உள்ளரங்கத் திரைக்குச் சரி. ஆனால் திறந்த வெளியில் உண்மையான டாங்கி ஓட, கண்ணுக்குக் கேடில்லாத லேசர் கதிரால் அதைச் 'சுடும்' வகையும் உண்டு. அங்கே மண்ணும் டாங்கியும் மெய்யே; கணை மட்டும்தான் இல்லை.

என் பரிந்துரை: ஒத்திகைப் பொறி.

ஒத்திகையில் 'ஒத்து' இருக்கிறது, ஆகவே ஒப்புமை தானே வந்துவிடுகிறது. அதோடு, நாளை நடக்கப்போகும் உண்மையான நிகழ்ச்சிக்காக இன்று செய்து பார்ப்பது என்ற நோக்கமும் அதற்குள் இருக்கிறது. பாவனையிலோ போலியிலோ இந்த 'நாளை' இல்லை. நாடகத்துக்கு உரிய சொல் ஆயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. 2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடந்த பாதுகாப்புப் பயிற்சியைப் பத்திரிகைகள் 'போர்க்கால ஒத்திகை' என்றுதான் எழுதின. யாரும் விளக்கம் கேட்கவில்லை. கடலோரக் காவல் ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை, குடியரசு நாளுக்கு முன் காமராஜர் சாலையில் நடக்கும் அணிவகுப்பு ஒத்திகை என்று சீருடைப் பணிகளுக்குள் இந்தச் சொல் எப்போதோ புகுந்துவிட்டது.

> ஒத்திகை ஒரு நிகழ்ச்சிக்கு முன் ஒருமுறை பார்ப்பது. இந்த வீரர்கள் ஆண்டு முழுவதும் பழகுகிறார்கள். 'பயிற்சிக் கருவி' போதாதா?

வேளச்சேரி அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் ஒத்திகை ஒருமுறையோடு முடிவதில்லை, அம்மா. நாள்கணக்கில் ஒத்திகை பார்ப்பது என்பது நம் வழக்கில் உள்ளதுதான். 'பயிற்சிக் கருவி' என்பதில் தவறில்லை, அது மிகவும் அகலம். கரும்பலகையில் மாட்டும் குறுக்குவெட்டுப் படமும் பயிற்சிக் கருவி, மேலே சொன்ன போலிக்கணையும் பயிற்சிக் கருவி. ஏவுதலின் சத்தம், புகை, நேரம், விளைவு எல்லாவற்றையும் வீரர்முன் நடத்திக் காட்டி, அவர் செய்த பிழையையும் அளந்து சொல்வது ஒத்திகைப் பொறி ஒன்றுதான்.

கருவி என்னாமல் பொறி என்றதற்கும் காரணம் உண்டு. மதுரை மதில்மேல் தானே வளைந்து அம்பு எய்யும் பொறி இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. போர் எந்திரத்துக்குத் தமிழ் என்றோ கொடுத்துவிட்ட சொல் அது. பின்னொட்டாகச் சேர்க்கவும் எளிது: உள்ளரங்க ஒத்திகைப் பொறி, கள ஒத்திகைப் பொறி, டாங்கி ஓட்டுநர் ஒத்திகைப் பொறி, விமான ஒத்திகைப் பொறி. பேச்சில் சிமுலேட்டர் என்றே மக்கள் சொல்லட்டும்; தடையில்லை. எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் பக்கத்தில் நின்றால், பொறியியல் படிக்க வரும் கிராமத்துப் பிள்ளைக்குப் பொருள் முதல் வாசிப்பிலேயே விளங்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் இதோடு தீர்ந்தாக வேண்டும். 'பீரங்கி எதிர்ப்பு ஏவுகணை' என்று நம் நாளிதழ்கள் விடாமல் எழுதுகின்றன. 2021 பிப்ரவரியில் சென்னையில் பிரதமர் அர்ஜுன் டாங்கியைப் படைத்தலைவரிடம் ஒப்படைத்தபோதும் 'அர்ஜுன் பீரங்கி' என்றே படித்தோம். பீரங்கி என்பது குண்டு எறியும் குழல். அதை ஏற்றி, சுற்றிலும் கவசம் போர்த்தி, சங்கிலிப்பட்டையில் ஓடும் வண்டி வேறு பொருள். தனிப் பீரங்கியை அழிக்க யாரும் இந்தக் கணையை வடிவமைக்கவில்லை. கவசத்தைத் துளைக்கத்தான் இது பிறந்தது. வெடிக்கும்போது முனையிலுள்ள செம்புக் கூம்பு நசுங்கி, மெல்லிய தாரையாகப் பீறிட்டுக் கவசத்தைத் துளைக்கிறது. எதிர்ப்பது எதை என்று பெயரிலேயே பிழை இருந்தால் பாடமும் பிழையாகிவிடும். டாங்கி என்பது நன்கு பழகிய சொல். ஈழத்தில் 'யுத்த தாங்கி' என்கிறார்கள். ஆனால் எண்ணெய்த் தாங்கி, நீர்த் தாங்கி என்றும் அதே சொல் அங்கே வழங்குவதால், முன்னொட்டு இல்லாமல் தனியே நிற்காது. 'டாங்கி எதிர்ப்பு ஏவுகணை' என்று தலைப்புச்சொல்லும், 'யுத்த தாங்கி' என்பது ஈழவழக்கு என்று பக்கக்குறிப்பும் இடலாம்.

ஆக, தொகுப்பில் நான் ஏற்றக் கோரும் பதிவுகள்: டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஒத்திகைப் பொறி, குறித்தொடர்தல், போலிக்கணை. கணையின் வெப்பக்கண் இலக்கைப் பூட்டிக்கொள்வதற்கான 'இலக்குப் பூட்டு' என்ற சொல் பற்றி எனக்கு இன்னும் முழு நிறைவு இல்லை. 'பற்று' என்பதிலிருந்து ஏதாவது அமைக்க முடியுமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துத் தங்கை, ஒத்திகை என்பது உங்கள் பக்கம் வேறு பொருளில் வழங்குகிறதா என்று தெரிவித்தால், அடுத்த வரைவில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து