மறு: "நான்-பெட்டர்னிட்டி ஈவென்ட்" – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். நம் மரபணுக் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த மடல்களுக்கு என் பதில் இது.

குரோமோசோமா நிறமூர்த்தமா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒன்று, ஈழத்தில் ஒன்று. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஹாப்லோகுழு (ஒரே மூதாதையின் வழிவந்த மரபணுக் குழு) என்று பாதித் தமிழாக எழுதுவதும் எனக்குச் சம்மதமே. உறுத்துவது தலைப்பில் உள்ள சொல்தான். குடும்பப்பெயர் ஒரு வழியிலும் தகப்பன்வழிக் குருதி வேறு வழியிலும் வந்திருப்பதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள்; சொல்லுக்குச் சொல் பார்த்தால் "தந்தைமை இல்லா நிகழ்வு".

> "தந்தைமைப் பிறழ்வு" என்று வைத்தால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஐயா. ஆனால் பிறழ்வு என்றதுமே யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்றுதான் காதில் விழுகிறது. அந்த "யாரோ" எப்போதும் அந்த வீட்டுப் பெண்ணாகவே இருப்பாள். முதல் மடலில் வந்த "கள்ளப்பிறப்பு" இதைவிட மோசம். ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் ஒழுங்கில்லை. தகப்பன் இல்லாமல் பிறந்தவர் யார்? அந்தக் கோணலையும் சேர்த்து நாம் சுமக்க வேண்டுமா?

சோதனை எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து வருவோம். ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய்-குரோமோசோமின் பெரும்பகுதி தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. இங்கிலாந்தில் குடும்பப்பெயரும் அதே பாதையில்தான் போகிறது. ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு ஆண்களின் உமிழ்நீரை எடுத்து, சில குறிப்பிட்ட இடங்களில் சிறு துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள். டிஒய்எஸ் 393 என்ற இடத்தில் இவருக்கு 13, அவருக்கும் 13. அடுத்த இடத்தில் எப்படி? இப்படி 37 இடங்களை ஒப்பிட்டு 36 பொருந்தினால், பெயரும் ஒன்றாக இருக்கும்போது, பொது மூதாதை ஒருவர் இருந்தார் என்று நம்பலாம். பாதிகூடப் பொருந்தாவிட்டால் அந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் எங்கோ பெயர் ஒரு பக்கமும் ஒய் ஒரு பக்கமும் போயிருக்க வேண்டும்.

சோதனைக்குத் தெரிவது அவ்வளவுதான். ஏன் அப்படி ஆனது என்று அது சொல்லாது. தத்து எடுத்திருக்கலாம். மறுமணத்தில் வந்த பிள்ளை மாற்றாந்தகப்பன் பெயரில் வளர்ந்திருக்கலாம். சொத்துக்காகப் பெயர் மாற்றியிருக்கலாம். மணமாகாத பெண் தன் பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம். ஊர் வாய் முதலில் மெல்லும் காரணமும் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவே. சோதனைக்கே தெரியாத காரணத்தைச் சொல்லுக்குள் ஏன் திணிக்கிறோம்?

> இங்கிலாந்து உதாரணம் ஒன்று கொடுத்தால் நன்றாக இருக்கும்.

பெர்சி குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நார்தம்பர்லாந்து பிரபுக்கள். 12-ஆம் நூற்றாண்டிலேயே ஆண்வாரிசு இல்லாமல் சொத்து ஆக்னஸ் டி பெர்சி என்ற பெண்ணிடம் வந்தது. அவள் கணவன் லூவெய்ன் நாட்டு ஜோஸ்லின். பிள்ளைகள் எடுத்துக்கொண்டதோ தாயின் பெயர். அப்புறம் சில நூற்றாண்டு கழித்து மறுபடியும் அதே கதை. யார்க்ஷரைச் சேர்ந்த சர் ஹியூ ஸ்மித்சன், பெர்சி சொத்தின் வாரிசான எலிசபெத் சீமோரை 1740-இல் மணந்தார். 1750-இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஸ்மித்சன் என்ற பெயரை விட்டுவிட்டு பெர்சி ஆனார். 1766-இல் டியூக் பட்டமும் வந்தது. இன்றைய பெர்சி பிரபுக்கள் அவர் வழி வந்தவர்கள்.

கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது. இதே ஹியூவுக்கு மணவாழ்வுக்கு வெளியே, எலிசபெத் மேசி என்ற பெண்ணிடம் ஒரு மகன் பிறந்தான். முதலில் மேசி என்றே அழைக்கப்பட்ட அவன், தாய் இறந்தபின் தகப்பனின் பழைய பெயரை எடுத்து ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆனான். வாஷிங்டனில் 1846-இல் தொடங்கிய ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் விட்டுப்போன பணத்தில் வந்ததுதான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் இது ஏட்டுக்கணக்குதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: சட்டப்படி பிறந்த பெர்சி மகன்களுக்குப் பெயரும் ஒய்யும் வேறு வேறு. சட்டத்துக்குப் புறம்பாகப் பிறந்தவருக்குப் பெயர் ஸ்மித்சன், ஒய்யும் ஸ்மித்சன். "பிறழ்வு" என்ற முத்திரையை இப்போது யார் நெற்றியில் குத்துவது?

என் பரிந்துரை "வழியொட்டு". ஒட்டுமாங்கன்றில் கீழே ஒரு மரம், மேலே இன்னொரு மரம். வெளியே பார்த்தால் ஒரே மரம். பெயர் என்ற அடிமரத்தில் வேறு குருதியின் கிளை சேர்ந்துகொள்கிறது. எப்படிச் சேர்ந்தது என்று சொல் கேட்கவில்லை. ஒட்டுமாம்பழத்தை யாரும் கேவலமாகப் பார்ப்பதும் இல்லை.

மற்றவற்றை ஏன் தள்ளினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். "வழிவிலகல்" கிட்டத்தட்ட "வழிதவறியவள்" ஆகிவிடுகிறது. "வழிப்பிரிவு", அண்ணன் தம்பி இரண்டு கிளையாவதற்குத் தேவைப்படும். "பெயர்மாற்றம்" அரசிதழ் அறிவிப்பு.

> ஒட்டு என்றால் ஒட்டுப்போட்ட துணிதான் நினைவுக்கு வருகிறது.

வரலாம். ஆனால் "வழி" முன்னால் நிற்கும்போது அந்த வாடை குறைகிறது. எனக்குப் பெரிய பயம் கொம்புதான்: ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாக அடித்துவிட்டால் வழியொட்டு வழியோட்டு ஆகி, ஏதோ வண்டி ஓட்டும் பள்ளி மாதிரி ஆகிவிடும். பிழைதிருத்துபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், நிற்கிறது. 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ், தன் பெயருள்ள 48 ஆண்களைச் சோதித்ததில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரே ஒய் அமைப்பு கிடைத்தது. பெயருக்கு மூலவர் ஒருவரே என்றும், மற்றவர்களின் வேறுபாட்டை 700 ஆண்டுகளில் சேர்ந்த "வழியொட்டுகள்" விளக்கக்கூடும் என்றும் எழுதலாம். "தலைமுறைக்கு நூற்றில் இரண்டு வழியொட்டு என்று வைத்தாலே 25 தலைமுறையில் நூற்றுக்கு 40 பேர் ஒய் மாறியிருப்பார்கள்." இப்படிக் கணக்கு சொல்லும்போது வம்பு தொனிக்கவில்லை.

இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்டு விவகாரத்துக்கும் பொருந்துகிறது. லெஸ்டர் வண்டி நிறுத்துமிடத்தின் அடியில் 2012-இல் கிடைத்த அவர் எலும்புகளை, ஏட்டின்படி அதே ஆண்வழியைச் சேர்ந்த ஐந்தாம் போஃபோர்ட் பிரபுவின் வழிவந்த 5 ஆண்களுடன் ஒப்பிட்டு 2014-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒருவரின் ஒய்யும் ரிச்சர்டுடன் பொருந்தவில்லை. அந்த ஐவரிலும் 4 பேருக்கு ஒன்று, ஐந்தாமவருக்கு இன்னொன்று. ஆக, குறைந்தது இரண்டு வழியொட்டுகள். ஒன்று அந்தப் பிரபுவுக்குப் பிந்தையது. எந்தத் தலைமுறையில் என்று பிடிக்க வேண்டுமானால் வெவ்வேறு கிளையின் பங்காளிகளைத் தேடிப்பிடித்துச் சோதிப்பது ஒரு வழி.

> நமக்குத்தான் பரம்பரைக் குடும்பப்பெயரே கிடையாதே, இந்தச் சொல் எதற்கு?

தகப்பன் பெயரின் முதலெழுத்தை வைத்து ஒய்யைத் தேட முடியாது, உண்மைதான். ஆனால் இந்தச் செய்திகளைத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறதே. தவிர, செட்டிநாட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது ஊரறியச் செய்யும் சடங்கு. அப்படிக் கூட்டப்பட்ட ஒருவரின் பேரன் நாளைக்குச் சோதனைத் தாளை நீட்டி விளக்கம் கேட்டால், அவரிடம் "தந்தைமைப் பிறழ்வு" என்று என்னால் சொல்ல முடியாது.

பட்டியலில் "வழியொட்டு", துணையாக "வழியொட்டு விகிதம்" என்று ஏற்றலாமா? மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள், அதையும் பெர்சி குடும்பத்தில் போட்டுப் பார்ப்போம்.