ஹெட்லைட் போட்டா சார்ஜ் விளக்கு மினுங்குது, பேட்டரி ரெண்டு மாத்தியாச்சு (மோரிஸ் மைனர் 1964)

ஜெலுத்தோங்_மைனர்:

வணக்கம். காடி அப்பாவோடது. 1978ல சுங்கை பட்டாணியில ஒரு எஸ்டேட் கிராணிகிட்ட (கணக்கர்) வாங்கினது. 1098 சிசி, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற லூகாஸ் டைனமோ, அந்தச் சார்ஜைக் கட்டுப்படுத்துற பழைய ஆர்பி 106 கட்-அவுட் பெட்டி, எல்லாம் ஒரிஜினல். அப்பா இப்ப ஓட்டுறதில்ல. ஆனா காலையில பானெட்டைத் திறந்து பார்க்காம அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

பிரச்சினை இதுதான். பகல்ல ஓட்டினா ஒண்ணும் இல்ல. ராத்திரி ஹெட்லைட் போட்டதும் ஸ்பீடோமீட்டர்ல இருக்கிற சிவப்பு விளக்கு லேசா மினுங்க ஆரம்பிக்குது. வைப்பரையும் போட்டா இன்னும் கொஞ்சம் கூடுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நல்ல மழையில பிறையிலேருந்து பினாங்குப் பாலத்து வழியா வந்தேன். குளுகோர்ல இறங்குறப்ப ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி ஆயிருச்சு. வீட்டு வாசல்ல நிறுத்தி அணைச்சேன், திரும்ப ஸ்டார்ட் ஆகல.

ஆறு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) மீட்டர் வச்சுப் பார்த்தார். இன்ஜின் ஓடுறப்ப பேட்டரியில 13.3 வோல்ட், “சார்ஜ் நல்லா ஏறுது லா”ன்னு அனுப்பிட்டார். இன்னொரு ஃபோர்மேன் டைனமோவைத் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்றார். அப்பா காதுல அது விழுந்ததும் அன்னைக்குச் சாப்பாடே வேண்டாம்னுட்டார்.

என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த்_120ஒய்:

நானா இருந்தா ஆல்டர்னேட்டர்தான் போடுவேன் ப்ரோ. என் டட்சனுக்கு பொத்தோங் கடையில (பழைய காடி சாமான் கடை) ஒண்ணு எடுத்து மாட்டினேன், நாலு வருசமா தொல்லையே இல்ல. பழைய சாமானுக்கு எவ்வளவு நாள்தான் ஊசி போடுறது?

பழைய_வயர்மேன்:

தம்பி, முதல்ல அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க. காடியில கைவைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. புது பேட்டரி மாட்டினவர் எந்த முனையை பாடியில கட்டினார்? உங்க காடியில பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகணும். இந்தக் காலத்துப் பையன்கள் பழக்கதோசத்துல நெகட்டிவைக் கட்டிடுவாங்க. போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க.

ஜெலுத்தோங்_மைனர்:

பார்த்தேன் ஐயா. பாசிட்டிவ்தான் பாடியில இருக்கு. மாட்டுறப்ப அப்பா பக்கத்துலயே நின்னாராம்.

பழைய_வயர்மேன்:

நல்லது. இப்ப சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

அந்த விளக்கு என்ன சொல்லுதுன்னு முதல்ல புரிஞ்சுக்குங்க. அதோட ஒரு கால் டைனமோ பக்கம், அதாவது பெட்டியில ‘டி’ முனை. இன்னொரு கால் சாவி சுவிட்ச் வழியா பேட்டரி பக்கம். ரெண்டு பக்கமும் வோல்ட் சமமா இருந்தா விளக்கு எரியாது. நீங்க வேகமா ஓட்டுறப்பவும் லைட் போட்டா மினுங்குதுன்னா, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வோல்ட் எங்கேயோ தொலையுது. கரண்ட் கூடக் கூடத் தொலையுறதும் கூடும். அதனாலதான் வைப்பர் போட்டா இன்னும் மினுங்குது. இது டைனமோ செத்ததுக்கு அடையாளம் இல்ல.

அந்த 13.3 உங்களை ஏமாத்தியிருக்கு. லைட் போடாம பார்த்த கணக்கு அது. ரெண்டு 45 வாட் பல்பு எரிஞ்சாலே ஏழரை ஆம்பியர் போயிடும். சுமையை ஏத்திட்டுல்ல எடை பார்க்கணும்?

இருந்தாலும் டைனமோவைச் சந்தேகப்படாம விடக்கூடாது. பெல்ட்டை நடுவுல கட்டைவிரலால அழுத்துங்க, அரை இஞ்ச் இறங்கணும். அப்புறம் டைனமோவுல இருக்கிற ரெண்டு வயரையும் கழட்டுங்க. பெரிய முனை ‘டி’, சின்னது ‘எஃப்’. ரெண்டு முனையையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால சேர்த்துக் கட்டி, கம்பிக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டரை வைங்க. முள்ளு மீட்டர் இருந்தா விசேசம். இன்ஜினை மெதுவா ஏத்துங்க. முள்ளு தடங்காம 20 வோல்ட் வரைக்கும் ஏறினா டைனமோ நல்லா இருக்கு, அதோட நிறுத்திக்குங்க. மேல முறுக்குனா நல்ல டைனமோவும் கெட்டுடும். ஒண்ணுமே வரலேன்னா கார்பன் பிரஷ்ஷைப் பாருங்க. ஒரு வோல்ட்டோட நின்னா ஃபீல்டு சுருள் கெட்டிருக்கும். நாலஞ்சுல நின்னா ஆர்மேச்சர், அதாவது உள்ள சுத்துற சுருள்.

அது பாஸ் ஆனா வயரெல்லாம் திரும்ப மாட்டி, இன்ஜினை நல்லா ஓடவிட்டு, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுட்டு, பெட்டியில ‘டி’க்கும் பேட்டரி பக்கத்து முனையான ‘ஏ’க்கும் நடுவுல மீட்டரை வைங்க. 0.2, 0.3 வந்தா சரி. ஒண்ணுக்கு மேல வந்தா திருடன் அங்கதான் உக்கார்ந்திருக்கான். அங்க இல்லேன்னா சாவி சுவிட்ச் வயரைத் தேடலாம்.

ஏன் அங்க தொலைஞ்சா பேட்டரி சாகுது? பெட்டிக்குள்ள இருக்கிற ரெகுலேட்டர் பார்க்கிறது ‘டி’ முனையை. அது நிறைஞ்சிருந்தா போதும்னு டைனமோவை அடக்கிடும். அதுக்குப் பின்னால பேட்டரி பட்டினி கிடக்கிறது அதுக்குத் தெரியாது.

செந்தூல்_மினி:

ஐயா சொல்றது சரி. என் மினியில இதுக்கு நேர்மாறா நடந்துச்சு. பெட்டியோட ‘ஈ’ வயர் பாடியில லூசாயிருந்தது. ரெகுலேட்டருக்குக் கண்ணே அவிஞ்ச மாதிரி, அடக்க ஆளில்லாம சார்ஜ் ஏறி பேட்டரித் தண்ணி கொதிச்சுப்போச்சு. பூட் திறந்தா ஆசிட் வாடை. அந்த ஸ்க்ரூவையும் கழட்டிச் சுரண்டி மாட்டிடுங்க தம்பி, செலவே இல்ல.

ஜெலுத்தோங்_மைனர்:

ஐயா, டைனமோ டெஸ்டுல முள்ளு 20 வரைக்கும் அழகா ஏறிச்சு. ‘டி’க்கும் ‘ஏ’க்கும் நடுவுல 1.6 வோல்ட்!

பழைய_வயர்மேன்:

மாட்டிக்கிட்டான். கட்-அவுட்டோட பாயின்ட், அதாவது டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்து வைக்கிற தொடுமுனை, கருகியிருக்கும்.

மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி வயரைக் கழட்டுங்க. இதை ரெண்டு தடவை படிங்க. ‘ஏ’ முனை நேரா பேட்டரியிலேருந்து வருது, சாவியை அணைச்சாலும் உயிரோடதான் இருக்கும். அப்ப பாயின்டை விரலால அழுத்தினீங்கன்னா பேட்டரி முழுசும் டைனமோவுக்குள்ள பாயும். நான் வேலை கத்துக்கிட்ட முதல் வருசம் அப்படி ஒரு வயரிங் எரிச்சேன், தவுக்கே (முதலாளி) மூணு நாள் என்கூடப் பேசல.

கண்ணாடித்தாள் (கண்ணாடித் தூள் ஒட்டின உப்புத்தாள்), ரொம்ப நைஸானது, ஒரு கீற்று வெட்டி பாயின்ட் நடுவுல வச்சு, விரலால மூடிப் பிடிச்சு இழுங்க. நாலஞ்சு தடவை போதும். எமரித்தாள் வேண்டவே வேண்டாம், கட்-அவுட் பாயின்ட் மிருதுவான உலோகம், எமரித் தூள் அதுல பதிஞ்சு உக்கார்ந்துக்கும். அப்புறம் ஸ்பிரிட் நனைச்ச துணி. மேல இருக்கிற ஸ்க்ரூக்களைத் திருப்பாதீங்க, கை அரிச்சாலும்.

ஜெலுத்தோங்_மைனர்:

முடிஞ்சது. பாயின்ட் ரெண்டும் அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சு, நடுவுல ஒரு எறும்பு வேற அரைஞ்சு கிடந்தது. செந்தூல் மினி அக்கா சொன்ன ‘ஈ’ ஸ்க்ரூவையும் சுரண்டினேன். இப்ப 0.2தான். ஹெட்லைட் போட்டே பேட்டரியில 13.5 நிக்குது.

நேத்து ராத்திரி அப்பாவை முன்னால உக்கார வச்சு பிறைக்குப் போயிட்டு வந்தேன். பாலத்து மேல வைப்பரைப் போடுறார், அணைக்கிறார், திரும்பப் போடுறார். மழையே இல்ல. விளக்கு கடைசி வரைக்கும் எரியல.

ஒரு சந்தேகம். சிவப்பு சிக்னல்ல நிக்கிறப்ப மட்டும் எரியுது, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா அணையுது. இதுவும் கோளாறா?

பழைய_வயர்மேன்:

இல்ல. ஐடில்ல டைனமோவுக்கு அவ்வளவுதான் மூச்சு. கட்-அவுட் மூடுறதுக்கே 12.7லேருந்து 13.3 வோல்ட் வரைக்கும் வேணும், மெதுவா சுத்துறப்ப அது வராது, பாயின்ட் திறந்துக்கும். ஜாம்ல ரொம்ப நேரம் நின்னா ஹெட்லைட்டை அணைச்சு சின்ன லைட் வச்சுக்குங்க. டட்சன் தம்பி சொன்ன ஆல்டர்னேட்டர்ல இந்தத் தொல்லை குறைவுதான், அதை மறுக்கல.

டைனமோ பின்மூடி நடுவுல சின்ன ஓட்டை இருக்கும். அதுல ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்க, உள்ள தண்டைத் தாங்குற புஷ் (வளையம்) தேயாம இருக்கும்.

ஜெலுத்தோங்_மைனர்:

அப்பாகிட்ட கேட்டேன் ஐயா. போன வாரமே விட்டுட்டாராம்.