கை கால் தலை எல்லாம் மாத்தி மாட்டுற காந்தப் பொம்மை செஞ்சு பாத்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க, முதல்ல என் கதை

ஆறு மாசமா ஒரே பொம்மையோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஒண்ணுன்னு சொல்றேனே தவிர கணக்கு பாத்தா உடம்பு மூணு, தலை அஞ்சு, கை எட்டு, கால் எட்டு, ஒரு வால், ஒரு ஜோடி ரெக்கை. எதை வேணா எதுல வேணா ஒட்டலாம், அதான் ஐடியா. ரோபோ உடம்புல டைனோசர் தலை, தலை இருக்க வேண்டிய எடத்துல வால், அப்படி. பேப்பர்ல வரையும்போது ஒரு வாரத்துல முடிஞ்சிரும்னு தான் நெனச்சேன்.

முதல் வெர்ஷன்ல எல்லா மூட்டுலயும் 6 மில்லி அகலம் 3 மில்லி தடிமன் டிஸ்க் காந்தம். உடம்புல எல்லாமே வடதுருவம் வெளிய பாக்கணும், கை கால் தலைல எல்லாமே தென்துருவம் வெளிய பாக்கணும், ரூல் அவ்வளவு தான். மார்க்கர்ல புள்ளி வச்சு, ஒவ்வொண்ணையும் செக் பண்ணி தான் க்ளூ போட்டேன், ஆனா புள்ளி மேல இருக்குன்னு பாத்துட்டு குழிக்குள்ள அமுக்குறதுக்கு விரலை திருப்புற அந்த ஒரு செகண்ட்ல காந்தமும் திரும்பிருது, நமக்கு தெரியறதே இல்ல. காலைல எந்திரிச்சு மாட்டி பாத்தா ரெண்டு கை உடம்பு கிட்டயே வரமாட்டேங்குது, வழுக்கிட்டு ஓடுது. க்ளூ காஞ்சு கல்லா போச்சு, ட்ரில் போட்டு தான் எடுத்தேன்.

சரி அதெல்லாம் திருத்தி பொண்ணு கைல குடுத்தா அவ செஞ்ச முதல் வேலை, கையோட நுனில இன்னொரு கையை ஒட்ட பாத்தது. ரெண்டும் தென்துருவம், எப்படி ஒட்டும்? "இது ரெண்டுக்கும் சண்டையாப்பா"ன்னு கேட்டா. எதை வேணா எதுல வேணான்னு பெருசா சொன்னது நான் தானே, பதில் இல்ல.

அப்புறம் தான் பழைய பொம்மைங்க இதை எப்படி சமாளிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். ஜப்பான்ல டக்காரா கம்பெனி 1975ல ஸ்டீல் ஜீக் பொம்மை போட்டப்பவே காந்த மூட்டு இருந்திருக்கு, மேக்னெமோன்னு பேரு. அமெரிக்கால மீகோ கம்பெனி 1976ல கொண்டு வந்த மைக்ரோநாட்ஸ் வரிசைல பேரன் கார்ஸான்னு ஒரு வில்லன், அவனுக்கும் அதே மூட்டு தான், காலை கழட்டிட்டு குதிரை உடம்புல நட்டா பாதி மனுசன் பாதி குதிரை ஆயிருவான். சூட்சுமம் ரொம்ப சின்னது. காந்தம் உடம்புல மட்டும், கை கால் நுனில வெறும் இரும்பு குண்டு. இரும்புக்கு வடக்கு தெற்கு ரெண்டும் ஒண்ணு தான், அதனால தப்பா ஒட்டவே வாய்ப்பில்ல, மூட்டும் எல்லா பக்கமும் சுத்தும். அம்பது வருசம் முன்னாடியே யோசிச்சிருக்காங்க, நான் ராத்திரி பூரா புள்ளி வச்சிட்டு இருக்கேன்.

உடனே குண்டு ஆர்டர் பண்ணேன். துருப்பிடிக்காம இருக்கட்டும்னு ரொம்ப புத்திசாலித்தனமா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குனேன். வந்தது 304 கிரேடு. காந்தத்துல வச்சா கண்ணாடி கோலி மாதிரி உருண்டு ஓடுது. 304ல நிக்கல் கலந்திருக்கும், காந்தத்துக்கு பிடிக்காது, 420, 440சி மாதிரி கிரேடு தான் பிடிக்கும், இல்லன்னா சாதா பேரிங் குண்டு. அந்த 304 குண்டு ஐம்பதும் இன்னும் டப்பால தான் கெடக்கு.

இப்ப மூணாவது வெர்ஷன், 6 மில்லி பேரிங் குண்டு. ஒட்டுது, சுத்துது, எல்லாம் ஓகே. ஆனா கையை தூக்கி வச்சா மெதுவா கீழ இறங்குது, சல்யூட் அடிச்ச பொம்மை நம்ம கண்ணு முன்னாடியே சோர்ந்து போற மாதிரி. இதுக்கு என்ன பண்ணீங்க யாராச்சும்?

* * *

பிரதர் உங்க குண்டு தட்டையான டிஸ்க் மேல உக்காருதா? அப்படின்னா அது தொடுற எடம் ஒரே ஒரு புள்ளி. நானும் அதே குழில விழுந்து எந்திரிச்சவன் தான். டிஸ்க்க தூக்கி போட்டுட்டு நடுவுல ஓட்டை உள்ள ரிங் காந்தம் போடுங்க, குண்டு அந்த ஓட்டை விளிம்புல உக்காரும், ஒரு வட்டம் பூரா தொடும். எனக்கு பாதி பிரச்சனை அதுலயே போயிருச்சு. மீதி பாதி குண்டு சைஸ். 6ல இருந்து 10 மில்லிக்கு போனேன், குண்டு பெருசானா உரசுற எடம் மையத்துல இருந்து தள்ளி போகுதுல்ல, அதனால கை சுத்தறதுக்கு எதிர்ப்பு கூடுது, இரும்பும் கூடுறதால இழுப்பும் கூடுது. கையை உள்ள பொள்ளலா பண்ணுங்க, 3டி பிரிண்டர்ல கெட்டியா பிரிண்ட் பண்ண கை எந்த காந்தத்துலயும் நிக்காது.

என் கதை வேற மாதிரி. நான் குண்டே போடல, தட்டை மூட்டு தான், செங்கல்லு மாதிரி கட்டம் கட்டமா இருக்கற உருவம். நேரா பிடிச்சு இழுத்தா பிரிக்க முடியாது, அவ்வளவு கெட்டி. ஆனா கட்டை விரலால தோள்பட்டைய லேசா தள்ளுனா கை அப்படியே வழுக்கிட்டு இடுப்புக்கு வந்துரும். ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் ஒட்டி பாத்திருப்பீங்கல்ல, பிடுங்க கஷ்டம், கீழ நகத்தறது ஈஸி, அதே தான். இழுக்குற பலத்துல கொஞ்சம் பங்கு தான் பக்கவாட்டுல நிக்கும். இது புரியாம நான் காந்தத்த பெருசாக்கிட்டே போனேன், 6ல இருந்து 8, 8ல இருந்து 10, காந்தத்தோட பலக் கிரேடும் N35ல இருந்து N52. கடைசில தலைய கழட்ட பெரியவங்களே திணற ஆரம்பிச்சாங்க, கை மட்டும் இன்னும் வழுக்குது!

தீர்வு காந்தத்துல இல்லவே இல்ல. உடம்புல 2 மில்லி ஆழத்துக்கு ஒரு குழி, கைல அதே அளவு ஒரு மேடு, அவ்வளவு தான். இழுத்து பிடிக்கறது காந்தம், எடை தாங்கறது மேடு. அதுக்கப்புறம் பழைய 6 மில்லிக்கே திரும்பி வந்துட்டேன்.

இன்னொண்ணு, காந்தத்துக்கு முன்னாடி நீங்க விடுற பிளாஸ்டிக் சுவரு. சாதா பேப்பர் ஒவ்வொண்ணா நடுவுல வச்சு எத்தனாவதுல கை விழுதுன்னு எண்ணி பாருங்க. சாதா பேப்பர் ஒண்ணு 0.1 மில்லின்னு வச்சுக்கலாம். நான் 1.2 மில்லி சுவரு விட்டுட்டு ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னு ரெண்டு வாரம் அழுதேன், பன்னெண்டு பேப்பர் அடுக்கி பாத்த அன்னைக்கு தான் வெக்கமா போச்சு.

* * *

எல்லாரும் பலத்த பத்தி பேசுறீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். பயமுறுத்தணும்னு இல்ல, ஆனா இது எங்க வீட்ல நடந்தது.

பெரியவனுக்கு ஏழு வயசு, அவனும் நானும் சேர்ந்து செஞ்ச பொம்மை தான். தலைக்குள்ள ரெண்டு சின்ன டிஸ்க், சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுனது. ஒரு சாயங்காலம் பாக்குறேன், தலைல ரெண்டு குழியும் காலி. சின்னவளுக்கு அப்ப ரெண்டரை வயசு, கைல கெடைச்சதெல்லாம் வாய்க்கு தான் போகும். அவ கிட்ட கேட்டா எல்லா கேள்விக்கும் தலைய ஆட்டுறா. டார்ச் அடிச்சு தரை பூரா தேடுனோம், இல்ல. நேரா ஆஸ்பத்திரி. அங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஒரு காந்தம் தனியா போனா பெரும்பாலும் வெளிய வந்துரும், ரெண்டு போனா, இல்ல ஒரு காந்தமும் ஒரு இரும்பு துண்டும் போனா, குடலோட ரெண்டு மடிப்புக்கு நடுவுல ஒண்ண ஒண்ணு இழுத்து நசுக்கி பிடிச்சுக்கும், அந்த எடத்துல ரத்த ஓட்டம் நின்னு ஓட்டை விழுந்துரும். மொதல்ல சாதா வாந்தி வயித்து வலி மாதிரி தான் தெரியுமாம், அதனால தானா வருதான்னு பாப்போம்னு வீட்ல உக்காந்திருக்கவே கூடாதாம். எக்ஸ்ரே எடுத்தாங்க, ஒண்ணும் இல்ல. அந்த பத்து நிமிசம் எப்படி போச்சுன்னு சொல்ல தெரியல.

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய காந்தத்த நூல்ல கட்டி கட்டிலுக்கு அடில இழுத்துட்டு போனேன், கட்டிலோட இரும்பு காலுல உள் பக்கமா ரெண்டும் ஜோடியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் அந்த தலைய எடுத்து உத்து பாத்தேன். க்ளூ விடல அண்ணா, க்ளூ அப்படியே குழிக்குள்ள தான் இருக்கு, அது மேல பளபளன்னு ஒரு மெல்லிசு தோல். காந்தத்து மேல இருக்கற நிக்கல் பூச்சு அது. பசை நிக்கல பிடிச்சுக்கிச்சு, நிக்கல் காந்தத்த விட்டுருச்சு. உப்புத்தாள்ல தேச்சுட்டு எபாக்ஸி போட்டா கொஞ்சம் பெட்டர்ங்கறாங்க, ஆனா நான் இப்ப பசையவே நம்பறதில்ல. முன்னாடி பக்கம் மெல்லிசு சுவரு, காந்தம் பின்னாடி இருந்து உள்ள போகும், உடம்பு ரெண்டு பாதியையும் நிரந்தரமா ஒட்டி மூடிருவேன். எதிர்ல இருக்கற காந்தம் இழுத்தா இது சுவத்துல போய் இடிக்கும், வெளிய வர வழியே இல்ல. முன்னாடி இருந்து குழில வச்சு ஒட்டுனா ஒவ்வொரு தடவை கையை கழட்டும்போதும் அதை நாமளே பிடுங்கிட்டு இருக்கோம்னு அர்த்தம்.

கடைல விக்கற பொம்மைக்கு இதுக்கு ரூலே இருக்கு. சின்ன உருளை ஒண்ணு, 31.7 மில்லி அகலம், கழண்டு வர்ற துண்டு அதுக்குள்ள முழுசா அடங்குனா முழுங்கக்கூடிய சைஸ்னு கணக்கு. அப்படிப்பட்ட துண்டுல காந்தம் இருந்தா அதோட பலத்துக்கு ஒரு இண்டெக்ஸ், மேற்பரப்புல உள்ள காந்தப்புலத்த கிலோகாஸ்ங்கற அலகுல அளந்து வர்க்கம் பண்ணி, சதுர மில்லில உள்ள பரப்பால பெருக்குவாங்க, 50க்கு கீழ இருக்கணும். நீங்க எல்லாரும் சொல்ற 6 மில்லி நியோடிமியம் டிஸ்க், அதான் சின்ன சைஸ்லயே செம பலமா இழுக்கற காந்தம், அதை பல மடங்கு தாண்டிரும். வீட்ல செய்யற பொம்மைய யாரும் டெஸ்ட் பண்ண வரமாட்டாங்க, நாம தான் தரைல போட்டு, இழுத்து, முறுக்கி, மேல ஏறி நின்னு பாக்கணும்.

* * *

அக்கா சொன்ன மாதிரி உள்ள வச்சு மூடறதுக்கு நான் 3டி பிரிண்டர பாதில நிறுத்தி காந்தத்த போட்டேன். ரிசல்ட்: திரும்ப ஸ்டார்ட் பண்ணதும் காந்தம் எகிறி போய் பிரிண்ட் தலைல இருக்கற இரும்புல டக்குனு ஒட்டிக்கிச்சு, அதை இழுத்துட்டே அது பாட்டுக்கு வரையுது. குழிய 0.2 மில்லி கூடுதல் ஆழமா வச்சு அடில ஒரு சொட்டு பசை போட்டதும் சரியாச்சு.

இன்னொரு கூத்து, முதல்ல ஏபிஎஸ்ங்கற பிளாஸ்டிக்ல பிரிண்ட் பண்ணேன், பொம்மை உக்கார்ற அடித்தட்டு, அதான் பெட், அதோட சூடு 100 டிகிரி. சாதா கிரேடு நியோடிமியம் 80 வரைக்கும் தான் தாங்கும், அதுக்கு மேல போனா பலம் கொறைஞ்சிரும், ஆறுனாலும் திரும்ப வராது. எட்டு மணி நேரம் அந்த சூட்டுலயே வேக வச்சுட்டு காந்தம் போலின்னு வித்தவன திட்டிட்டு இருந்தேன். பிஎல்ஏங்கற இன்னொரு பிளாஸ்டிக்குக்கு பெட் 60 தான், அதுல பிரச்சனை வரல.

* * *

கையோட கை ஒட்டணும்னு பொண்ணு கேட்டதுக்கு ஒரு வழி இருக்கு. எங்க வீட்ல பசங்க ஒட்டி அடுக்கி விளையாடற காந்த டைல்ஸ் ஒண்ணு இருந்துச்சு, ஆட்டுனா உள்ள கலகலன்னு சத்தம், உடைஞ்சு போச்சுன்னு நெனச்சு பிரிச்சு பாத்தா உடையவே இல்ல. உருளை காந்தம், ஒட்டாம லூசா ஒரு கூட்டுக்குள்ள கெடக்கு. துருவம் ரெண்டு முனைலயும் இல்ல, பக்கவாட்டுல இருக்கு. இன்னொரு காந்தம் கிட்ட வந்தா இது தானா உருண்டு திரும்பி எதிர் துருவத்த காட்டுது. சண்டையே வராது. பொம்மைக்கு நான் உருண்டை காந்தமே போட்டேன், கையோட கை, தலையோட தலை எல்லாம் ஒட்டுது.

ஒரே எச்சரிக்கை, கூடுகள ரொம்ப கிட்ட கிட்ட வச்சிராதீங்க. என் குட்டி பொம்மைல ரெண்டு தோள்பட்டை காந்தமும் உடம்புக்குள்ளயே ஒண்ண ஒண்ணு பாத்து திரும்பிக்கிச்சு, வெளிய யார் வந்தாலும் பாதி மனசா தான் கவனிக்குது. உடம்ப அகலமாக்குன பிறகு தான் சரியாச்சு.

* * *

பதில் சொன்ன எல்லாருக்கும் பெரிய நன்றி. ரிங் காந்தம், 10 மில்லி குண்டு, பொள்ளல் கை மூணையும் போட்டுட்டேன், சல்யூட் இப்ப நிக்குது, நேத்து ராத்திரி வச்சது காலைலயும் அப்படியே இருந்துச்சு. அக்கா பதிவ படிச்ச அன்னைக்கே பழைய ரெண்டு வெர்ஷனையும் பொண்ணு கிட்ட இருந்து வாங்கி மேல வச்சுட்டேன், ஒரு கைல காந்தம் ஏற்கனவே லேசா ஆடிட்டு இருந்துச்சு, நகத்தால நெம்புனா வந்துரும் போல. புது உடம்புல ரிங் எல்லாம் உள் பக்கமா இருந்து வைக்கறேன், ரிங்க விட சின்ன வாய், குண்டு மட்டும் தான் நுழையும். குண்டும் கழண்டு வரக்கூடாதுன்னு கைக்குள்ள போற பக்கம் ஒரு தண்டோட உள்ள குண்டா தேடிட்டு இருக்கேன்.

தலைக்கு மட்டும் குண்டு போடல, முன்னும் பின்னுமா ரெண்டு டிஸ்க் எதிர் எதிர் துருவத்துல வச்சு மூடிட்டேன், எப்படி வச்சாலும் டக்குனு நேரா திரும்பி நிக்கும், எனக்கு அதுல ரொம்ப பெருமை. பொண்ணு பத்து நிமிசம் அதை திருப்பி திருப்பி பாத்துட்டு, தலை பின்பக்கம் பாக்க மாட்டேங்குது, உடைஞ்சிருக்குன்னு என் கிட்டயே குடுத்துட்டா. அடுத்த தலைல குண்டு தான்.